கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தொழிற்சாலையில் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு புங்கமரம் நிற்கிறது. நல்ல நிழல். ஆனால் அந்த நிழலில் மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே இளைப்பாறுவதெல்லாம் இரும்பு வால்வுகள்.

வார்த்தெடுத்த வால்வுக்குள் ஓட்டையோ விரிசலோ இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. அதற்காகச் சிலவற்றைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்கிற படம் மாதிரிதான். ஆனால் இவ்வளவு தடிமனான இரும்புக்கு அது பத்தாது. ஆகவே கதிர் வீசுகிற ஒரு சின்னத் துண்டைக் கனத்த பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஒருவர் வருவார். காமா கதிர் கொண்டுவருவதால் அவருக்குக் காமாக்காரர் என்று பெயர். துமகூருப் பக்கத்து இளைஞர். கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் கதிரை அளக்கிற ஒரு பட்டை, காதில் ஓயாத போன். வந்ததும் மஞ்சள் நைலான் கயிறு கட்டுவார், சிவப்பு விளக்கு போடுவார், மீட்டர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றோரமாகவே ஒரு சுற்று நடப்பார். நாங்கள் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விடுவோம்.

படம் எடுத்து முடித்துக் கயிற்றை அவிழ்த்ததும் அந்த வால்வுகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் வைப்போம். அடுத்த ஷிப்டு வரும்வரை ஒருவரும் தொடமாட்டோம். "ஆறட்டும்" என்போம், என்னவோ அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி. இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, நான் கிரைண்டிங் செக்‌ஷனில் சேர்ந்தபோதே இருந்தது. நான் செய்ததெல்லாம் அதற்கு மசாலா சேர்த்ததுதான். புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

"கல்யாணம் ஆச்சாப்பா?"

"இல்லண்ணா."

"அப்ப அந்த மரத்துப் பக்கம் தலவச்சுப் படுக்காத. நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க எங்கிட்டதான் வந்து கேப்பாங்க, மாப்பிள்ள சரக்கு சரியாயிருக்குதான்னு."

ஆள் அரண்டுபோவான். செக்‌ஷனே சிரிக்கும். சிரித்துவிட்டு நாங்களும் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். சிரிப்பு வேறு, பயம் வேறு. அணுவைப் பற்றி எனக்கிருந்த படிப்பு அவ்வளவுதான்.

அந்த அணுவை ஒருநாள் என் மனைவி மாத்திரையாக விழுங்கினாள்.

முதலில் அவள் சொன்னது, கழுத்துச் செயின் இறுக்குகிறது என்று. "செயின் சின்னதாவல, உனக்கு வசதி வந்திடுச்சு" என்றேன் நான். ரோஜாப்பூ பேக்கிங் ஷெட்டில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு எங்கிருந்து வசதி வரும்? அது கட்டி. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். அது ஏற்கெனவே வேறெங்கும் ஓடி ஒளிந்திருந்தால் அழிக்க ஒரு மருந்து உண்டு என்றும் சொன்னார்கள். கதிர் வீசும் அயோடின். தைராய்டுக்கு அயோடின் என்றால் உயிர். உடம்பில் அந்த ஜாதிச் செல் எங்கே இருந்தாலும் ஓடிவந்து அதைத் தின்னும். தின்றதும் உள்ளேயிருந்தே அது சுட்டுவிடும். எலிக்கு மருந்து வைக்கிற அதே யோசனைதான். கேட்டபோது எனக்கே மனிதப் புத்தியின் மீது மரியாதை வந்தது.

அதற்கு முன்னால் உடம்பை அயோடினுக்குப் பட்டினி போடவேண்டும். மீன் கூடாது, அயோடின் சேர்த்த உப்பு கூடாது. ஓசூர்க் கடைத்தெரு பூராவும் அலைந்தேன். எந்தப் பாக்கெட்டைத் திருப்பினாலும் அயோடின் சிரித்தது. கடைசியில் மாட்டுத்தீவனக் கடையில் கல்லுப்பு கிடைத்தது.

"எத்தன லிட்டர் கறக்குதுங்க?" என்றார் கடைக்காரர்.

"கறவ நின்னு ரொம்ப நாளாச்சுங்க" என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவள் கரண்டியை ஓங்கினாள். தையல் போட்ட கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது அவளால்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக டாக்டர் வீட்டுப் பாடம் சொல்லும்வரை. மருந்து சாப்பிட்டபின் சில வாரங்கள் யாரோடும் ஒட்டி உறவாடக் கூடாது. தனிப் படுக்கை, தனித் தட்டு, தனிக் கழிப்பறை. முக்கியமாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போகவே கூடாது.

"எம் பொண்ணு ஏழாம் மாசங்க" என்றாள் என் மனைவி.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "தூரமா இருந்து பேசுங்கம்மா. பிரசவத்துக்கு முன்னாடி எல்லாம் சரியாயிடும்."

எங்களுக்கு ஒரே பெண். கெலமங்கலத்தில் கொடுத்திருந்தோம், மாப்பிள்ளை வீட்டார் தக்காளி மண்டிக்காரர்கள். நாங்களும் அவர்களும் வேதக்காரர்கள்தான், ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டோம். அதற்காக வளைகாப்பை விட்டுவிடுவோமா? ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும். கூட்டிவந்து, பெண்ணின் காலை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்து, பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும். என் மனைவி உயிரோடு இருக்க ஆசைப்பட்டது அதற்காகத்தான் என்றே சொல்லலாம். அவளுக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசை அந்த அளவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை; அதை நான் குறையாகவும் சொல்லமாட்டேன்.

வளைகாப்புத் தேதியை மாப்பிள்ளை வீட்டில் குறித்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். மருந்துத் தேதியை ஆஸ்பத்திரியில் குறித்துவிட்டார்கள். மருந்துக்குப் பிறகு அவள் தள்ளியிருக்கவேண்டிய வாரங்களுக்குள்ளேயே வளைகாப்பும் வந்து உட்கார்ந்தது. மருந்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார் டாக்டர்.

மருந்து கொடுத்ததை நான் கதவருகே நின்று பார்த்தேன். என்னமோ பெரிதாக எதிர்பார்த்தேன். ஒரு ஈய ஜாடி வந்தது, ஊறுகாய் ஜாடி போல. அதற்குள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே, சளிக்குக் கொடுப்பார்களே, அந்த அளவில் ஒரு மாத்திரை. இவள் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிற பயபக்தியோடு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, மறக்காமல் சிலுவை போட்டுக்கொண்டாள். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

அவள் ஆஸ்பத்திரி அறையில் அடைந்து கிடந்தபோது நான் காமாக்காரரைப் பிடித்தேன். டீயும் ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்து, "தம்பி, உங்க சரக்கு எங்க வூட்டுக்கே வந்திருச்சு. கொஞ்சம் புரியறமாதிரி சொல்லுங்க" என்றேன். அவர் முதன்முறையாகப் போனைக் கீழே வைத்தார்.

"அண்ணா, ஒரு டார்ச் எடுத்து சுவத்துல அடிக்கிறீங்க. டார்ச்ச அணைச்சா சுவத்துல வெளிச்சம் இருக்குமா?"

"இருக்காது."

"அஷ்டே. நம்ம வால்வும் அப்படித்தான். நான் டார்ச்ச பெட்டிக்குள்ள போட்டுட்டேன்னா அதுல ஏனூ இல்லா. நீங்க எதுக்கு அத மரத்தடில வச்சு ஆற வைக்கிறீங்கன்னு நானும் ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயே."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப எம் பொண்டாட்டி உடம்புலயும் ஒண்ணும் இருக்காது!"

அவர் ஆம்லெட்டைப் பிய்த்தபடியே தலையை ஆட்டினார். "இல்லண்ணா. அவங்க மேல டார்ச் அடிக்கல. அவங்க டார்ச்சையே முழுங்கிட்டாங்க. பேட்டரி தீர்ற வரைக்கும் எரியும். எட்டு நாளைக்கு ஒருதடவ பாதி ஆவும், அப்புறம் அதுல பாதி. கொஞ்சம் ஒண்ணுக்குல போவும், வேர்வைல போவும். தள்ளி நில்லுங்க, கொஞ்ச நேரம் மட்டும் நில்லுங்க. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். மறுநாள் இந்த ஞானத்தை செக்‌ஷனில் அறிவித்தேன். மரத்தடியில் வைக்கவே வேண்டாம், வால்வில் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்காது, டார்ச், சுவர் என்று எல்லாம் விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணன் இன்னைக்குப் புது ஜோக்கு கொண்டாந்திருக்குது" என்றான் ஒருவன். வாழ்நாளெல்லாம் விளையாட்டாகவே பேசியவன் ஒருநாள் உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. வால்வுகள் வழக்கம்போல மரத்தடிக்கே போயின.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்தது வரிசை வீடு. எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கழிப்பறை. மாடியில் வீட்டுக்காரம்மா கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட ஒரு போர்ஷன் இருந்தது. பூச்சு இல்லை, ஜன்னலுக்குக் கதவில்லை. ஆனால் கழிப்பறை இருந்தது. வீட்டுக்காரம்மா கன்னடத்துக்காரர். போய்க் கேட்டேன்.

"பேடப்பா, பேடா" என்று கையை ஆட்டினார். "கீழ சின்னப் பசங்க இருக்காங்க. அணுவுன்னா என்ன, சாதாரணமா?"

"மேல இருந்தா பசங்களுக்கு இன்னும் தூரம்மா. கீழ வச்சிருந்தாத்தான் எல்லாருக்கும் பங்கு வரும்."

இதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அதோடு, மாடித் தண்ணீர்க் குழாயின் பக்கம் தன் வீட்டுத் துணிகள் காய்வதையெல்லாம் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கழிப்பறைக்குக் கதவு இல்லாததால் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் தொங்கவிட்டேன். எவர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவோ. இரு கை கூப்பி யாரோ ஒருவர், கீழே பெரிய எழுத்தில் "வருக! வருக!" போர்ஷன் நடுவில், ஓசூர் கடையில் வாங்கிய மஞ்சள் நைலான் கயிற்றைத் தூணுக்குத் தூண் கட்டினேன். தொழிற்சாலையில் காமாக்காரர் கட்டுகிற அதே நிறம், அதே உயரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சாப்பாட்டைக் கயிற்றுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பின்வாங்குவேன்.

வந்த அன்றே அவள் நைட்டியைத் துவைத்து அந்தக் கயிற்றில் காயப்போட்டாள்.

"ஏய், அது பாதுகாப்புக் கயிறு."

"அதுக்கென்ன, நைட்டிக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்" என்றாள். பிறகு ஃப்ளெக்ஸைக் காட்டி, "ஏங்க, நான் போறப்பல்லாம் இந்தாளு வருக வருகங்கறாரு. எனக்கு வந்ததுகூடப் போயிடுது."

சிரித்தேன். 

மாடியில் அவளுக்கு வேலையில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். வளைகாப்புக்காக மருந்துக்கு முன்னாலேயே கண்ணாடி வளையல் வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். பச்சையும் சிவப்பும், நடுநடுவே தங்கப் புள்ளி வைத்தவை. அந்த டப்பாவைத் துணிமூட்டையோடு மேலே கொண்டுபோயிருக்கிறாள். மத்தியானம் பூராவும் ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்து, நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறாள். நான் பார்த்தபோது முடிந்துவிட்டது.

"உன்னால போவ முடியாதுன்னாலும் வளையலாவது போவட்டும்னு பாத்தியா?"

"நான் தொடக்கூடாதா?" என்றாள். கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குள் காமாக்காரரின் பாடம் ஓடியது. வளையல் சுவரா, டார்ச்சா? வெளிச்சம் பட்டது மட்டும் என்றால் ஒன்றுமில்லை. ஆனால் வேர்வைக் கை பட்டிருக்கிறதே. வேர்வையில் போகும் என்றாரே. புதிது வாங்கிக்கொள்ளலாம், ஓசூரில் வளையலா கிடைக்காது? ஆனால் அவள் துடைத்த வளையல் கடையில் கிடைக்காது. டப்பாவைக் கழுவித் துடைத்து, பாலித்தீன் பையில் போட்டு, கம்பெனிக்கு எடுத்துப்போனேன்.

டீ நேரத்தில் காமாக்காரர் மீட்டரை எடுத்தார். என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட மிக உயர்ந்த விஞ்ஞான ஆராய்ச்சி அதுதான்: இரண்டு ஆம்பிளைகள், ஒரு இரும்பு மேஜை, பத்துப் பதினைந்து ஜோடி கண்ணாடி வளையல். முதலில் மீட்டரைத் தன் கதிர்ப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனார், ஊசி எழுந்தது. வளையல் மேல் கொண்டுவந்தார். ஊசி படுத்தே கிடந்தது. ஒவ்வொன்றையும் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"ஏனூ இல்லாண்ணா. வெறுங் கண்ணாடி."

"கண்டிப்பா?"

"இந்த மீட்டருக்குத் தெரியறமாதிரி எதுவும் இல்ல. சோப்புத் தண்ணில ஒருதடவ கழுவிக்குங்க, தைரியமா போடுங்க."

அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு கெலமங்கலம் பஸ்ஸில் ஏறியபோது, ஆயுதப் பரிசோதனை முடித்துவிட்டு வருகிற விஞ்ஞானி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

பந்தல், பாட்டு, கலந்த சாதத்தின் வாசனை. என் பெண் பட்டுப் புடவையில் வியர்த்துப்போய் நாற்காலியில் இருந்தாள். பார்த்ததும், "அம்மா எப்படிப்பா இருக்குது?" என்றாள். "வருக வருகன்னு வரவேற்பெல்லாம் பலமா இருக்குது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

சீர்த் தட்டுகளை வைத்தேன். டப்பாவைத் திறந்து சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். அவர் கை பாதி தூரம் வந்து நின்றது.

"சம்பந்தி, இது அங்க, அவங்க இருக்கற எடத்துலயா இருந்துச்சு?"

மருந்து கொடுத்த செய்தி அவருக்குத் தெரியும். தயங்கிக் கேட்டார்; கெட்ட எண்ணமில்லை. "கடையில வாங்கினதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அது உண்மையும்கூட. ஆனால் என் கையில் விஞ்ஞானம் இருந்ததே.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா!" என்றேன், பந்தல் பூராவும் கேட்கிற மாதிரி. "எங்க கம்பெனி மிஷின்ல வச்சு ஒவ்வொண்ணா பாத்துட்டன். ஊசி இம்மி அசையல."

 பெண்களெல்லாம் டப்பாவைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி பின்னால் மெதுவாகச் சொன்னாள்: "மிஷின் வச்சுப் பாக்கற அளவுக்கா இருக்குது?"

"இல்லல்ல, அப்படியில்ல. இப்ப ஒரு டார்ச் இருக்குதுன்னு வச்சுக்குங்க..." என்று ஆரம்பித்தேன். டார்ச்சை அடித்தேன், அணைத்தேன், என் பெண்டாட்டியை விழுங்க வைத்தேன். பேசப்பேசச் சம்பந்தியம்மா முகம் வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணை ஒருவர் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "கோச்சுக்காதீங்க. ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சு போச்சு, உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு எம் பையன் அழுதத நீங்க பாக்கல, நான் பாத்தன். பெத்த அப்பா நீங்களே மிஷின் வச்சுப் பாத்துத்தான் கொண்டாரீங்கன்னா, அந்த வூட்டுக்கு நான் எப்படிங்க அனுப்பறது? பிரசவம் இங்கயே பாத்துக்கறோம்."

"பிரசவத்துக்குள்ள எல்லாம் தீந்துடும்னு டாக்டரே சொல்லியிருக்காருங்க."

"தீந்துச்சான்னு பாக்கறதுக்கும் மிஷின் வேணுமில்ல?"

 உலகத்துக் கேள்விகளிலேயே மிகச் சரியான கேள்வி அது.

அவர்கள் வாங்கி வைத்திருந்த வளையலைப் போட்டார்கள். என் பெண் ஒவ்வொரு முறை கையை நீட்டும்போதும் என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். "அத்தே, அம்மாவோடது ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டாள். "அம்மா கையாலயே போட்டுக்கலாம்டி கண்ணு, ஓடியா போவுது" என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார்.

ஓசூர் வந்து மாடிப்படி ஏறும்போதே டப்பாவுக்குள் வளையல் குலுங்கியது. அதைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றருகே நின்றிருந்தவள், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெண் வீட்டுக்கு வரமாட்டாள் என்பதை நான் சொல்லி முடிக்கும்வரை கொடியில் கிடந்த நைட்டியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே நைட்டியை.

வாரங்கள் போயின. பாதி, பாதியில் பாதி என்று எல்லாம் தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி யாரோடும் பழகலாம், தடையில்லை என்றார்கள். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டும், துணி காயப்போட ஆவும்" என்றாள். கீழேயும் வரவில்லை, மேலே காற்று நன்றாக வருகிறதாம்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். போனோம். வார்டு வாசலோடு இவள் நின்றுவிட்டாள். "உள்ள வா" என்று இழுத்தேன். "நீங்க போய்ப் பாருங்க. எனக்கு இங்கருந்தே நல்லாத் தெரியுது" என்றாள். டாக்டர் விட்டாலும் ஊர் விட்டாலும் இவள் தன்னை விடவில்லை. தன் உடம்பில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அவளிடமே தங்கிவிட்டது. அதற்கு எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிற கணக்கு கிடையாது.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுபடி பெங்களூர், மறுபடி படங்கள். நுரையீரலுக்குப் போயிருந்தது. மறுபடி அந்த மாத்திரை கொடுக்கலாமே என்று கேட்டேன். டாக்டர் ஒரு படத்தை விளக்கொளியில் வைத்தார். முதல் மருந்து கொடுத்தபோது எடுத்த படம். அயோடின் எங்கெங்கே போய்த் தங்கியதோ அங்கெல்லாம் கறுப்பாகத் தெரியும் என்றார். நுரையீரல் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"அந்தச் செல்லுங்க மருந்த எடுத்துக்கல. எடுத்திருந்தா அழிஞ்சிருக்கும். சில பேருக்கு இப்படி ஆவும். திரும்பக் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல."

பஸ்ஸில் வரும்போது இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். வீட்டுக்காரம்மா பயந்தது, சம்பந்தியம்மா பயந்தது, நான் வளையலை வைத்துக்கொண்டு அலைந்தது, எல்லாம் அந்தக் கதிர் இவள் உடம்பில் தங்கிவிடுமோ என்றுதானே. தங்கவேண்டிய இடத்தில் அது தங்கவே இல்லை. தங்கியிருந்தால் பிழைத்திருப்பாள். அணுவைப் பற்றி நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது இது. இதை செக்‌ஷனில் யாருக்கும் சொல்லவில்லை.

அவள் இப்போது இல்லை. மழைக்காலத்தில் போனாள். ஆனால் போவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் என் பெண் கைப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். கூடவே சம்பந்தியம்மா. எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, கையில் தூக்குவாளியோடு நேராக மாடிப்படியைப் பார்த்து நடந்தார். எலுமிச்சை சாதம், புளிச் சாதம், தயிர் சாதம்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கயிற்றில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுடி. பிள்ளய வச்சிருக்கற."

"சும்மா இரும்மா" என்று துண்டை விலக்கிவிட்டுப் பெண் கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். பிள்ளையின் தலையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஒரே எட்டில் அந்தப் பக்கம் போய், அம்மா மடியில் போட்டாள். சம்பந்தியம்மாவுக்குக் குனிய முடியவில்லை, பாரி உடம்பு. நான் கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்காரம்மாவும் பின்னாலேயே வந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவரும் அதே திறப்பில் நுழைந்தார்.

என் மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க காமாக்காரர மீட்டர எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. இது எவ்வளவு காட்டுதுன்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

பெண் அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கு வளைகாப்பு நடத்திய ஒரே குடும்பம் இந்த ஓசூரில் நாங்கள்தான் இருப்போம். பிரசவத்துக்குப் பின் கை மெலிந்திருந்தது. வளையல் தொளதொளவென்று ஏறியது. இரண்டு வளையலுக்கு ஒருமுறை என் மனைவி நிறுத்தி மூச்சு வாங்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சம்பந்தியம்மா பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிவிட்டு, பிறகு தானே கையை மடக்கிக்கொண்டார். பிள்ளை அங்கேயே, அந்த மடியிலேயே கிடந்தது.

கடைசி வளையலும் ஏறியது. அவள் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

"ம்மா, விடும்மா, கை மரத்துப்போவுது" என்றாள் பெண். சொன்னாளே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.